சீட்டாடி வாங்கிய தோட்டம்

"மாரண்டஹள்ளிப் பக்கம் ஒருத்தன் செல்போன்ல சீட்டாடியே தோட்டம் வாங்கிட்டானாமே, கேள்விப்பட்டியா?"

அரூர் ராஜா சலூனில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த பெரியவர்தான் கேட்டார்.

"யாரு சொன்னாங்க?" என்றான் ராஜா, கத்தியை நிறுத்தாமல்.

"எங்க சகலை. அவருக்குத் தக்காளி லாரி ஓட்டறவன் சொன்னானாம். ஓசூர்ல பெரிய கம்பெனி வேலையாம், அத்த உட்டுட்டு வந்து வூட்டுக்குள்ளயே உக்காந்துட்டானாம். என்னமோ போக்கராம். அதுக்கு மூளை வேணுமாம்."

"மூளை இருக்கறவன் எதுக்குங்க சீட்டாடறான்?"

"அட, தோட்டம் வாங்கிட்டான்யா! கெணத்தோட."

முறைக்காகக் காத்திருந்த மாதேஷுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர்கள் பேசியது அவனைப் பற்றித்தான்; மாரண்டஹள்ளி அவன் மாமனார் ஊர். ஓசூர் வேலையை விட்டு வந்து போக்கர் ஆடியவன் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. தோட்டமாம், கிணறாம். அவன் குடியிருப்பது அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. குழாயில் தண்ணீர் வரும் நாளில் மனைவி ரேவதி வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட வேண்டியிருக்கும். செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிச் சிரிப்பை மறைத்துக்கொண்டான்.

"இப்ப அவன் மச்சான்காரனும் தக்காளிய உட்டுட்டு அதுலயே எறங்கிட்டானாம்" என்றார் பெரியவர். "மாமனும் மச்சானும் போட்டி போட்டுக்கிட்டு அள்றாங்களாம்."

மாதேஷ் செய்தித்தாளை இறக்கினான். மச்சான் என்றால் தர்மன், ரேவதியின் தம்பி. அவன் சீட்டைத் தொட்டதாக மாதேஷுக்குத் தெரியாது. அதைவிட, இன்றைய தேதியில் தொட வழியே கிடையாது. பணம் வைத்து ஆடும் செயலிகளையெல்லாம் ஆகஸ்டில் வந்த சட்டம் மூடிவிட்டது. இப்போதும் ஒருவன் ஆடுகிறான் என்றால், எங்கோ வெளிநாட்டில் பெயரில்லாமல் நடக்கும் இணையக் கடையில், டெலிகிராமில் பிடித்த ஏஜெண்ட் ஒருவன் மூலமாகத்தான் ஆடுகிறான். அந்தக் கடைகளில் பணம் உள்ளே போகும். வெளியே வந்ததாக மாதேஷ் கேள்விப்பட்டதில்லை.

"அடுத்தது நீங்கதாங்க" என்றான் ராஜா.

"இதோ வந்துடறேன்" என்று எழுந்தவன் திரும்பி வரவில்லை.

தெருவுக்கு வந்து தர்மனைக் கூப்பிட்டான். எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுசெய்த பெண்குரல் ஒன்று சொன்னது. மறுபடி கூப்பிட்டான். அதே குரல். ரேவதி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு நடந்தே போனான். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, முடி வெட்டலியா?"

"தர்மன் உங்கூடப் பேசினானா?"

"ஞாயித்துக்கெழமை பேசினான். மாமா இருக்காரா, மாமா இருக்காரான்னு கேட்டான். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. எழுப்பட்டுமான்னேன், வேணாம்னு வெச்சிட்டான். ஏங்க?"

சலூனில் கேட்டதைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. தாயில்லாத பிள்ளை தர்மன். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணமாகி வந்த பிறகும் தக்காளிச் சட்னி அரைக்கும்போதெல்லாம் அவன் சாப்பிட்டானா என்று கேட்பவள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். "நான் லீவு சொல்லிட்டுப் பின்னாடியே வர்றேன். அப்பாகிட்ட போன்ல எதுவும் கேக்காதீங்க. அவரு பயந்துக்குவாரு."

தருமபுரியில் பேருந்து மாறி, பாலக்கோடு தாண்டும் வரைக்கும் அவன் தர்மனைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான்.

மாதேஷ் உண்மையில் என்ன செய்து பிழைத்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அதை யாரும் சரியாகச் சொன்னதில்லை, அவன் உட்பட. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அதை அவன் விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, அவர்கள் புதுப்பிக்கவில்லை. ஊருக்கு வந்து 'உட்டுட்டேன்' என்று சொன்னது ரோஷத்தில். அறைத்தோழர்கள் பொழுதுபோக்காக ஆடிய போக்கரை அவன் மட்டும் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்திருந்தான். வேறு வேலை கிடைக்கும் வரை என்று ஆரம்பித்தது, அதுவே வேலையாகிவிட்டது.

ஆட்டம் என்று பெயரே தவிர, வருகிற சீட்டில் முக்கால்வாசியை ஆடாமலே போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அதில் பெரும்பாடு. மிச்சத்தில் கணக்குப் போட வேண்டும், பொறுக்க வேண்டும், கோபம் வந்தால் எழுந்து போய்விட வேண்டும். அவனுக்கு அது வந்தது. நல்ல மாதத்தில் ஓசூர்ச் சம்பளம் வந்தது. கெட்ட மாதத்தில் ரேவதியின் சம்பளத்தில் சோறு. மண்டியில் எவன் விற்றாலும் எவன் வாங்கினாலும் கமிஷன்காரன் கல்லா நிறைவதுபோல, இங்கே யார் ஜெயித்தாலும் செயலிக்காரனுக்கு ஒரு பங்கு, அப்புறம் வரி. எல்லாம் போகப் பார்த்தால், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போயிருந்தாலும் இவ்வளவு நின்றிருக்கும். கூடவே வந்தது பயம். சரியாக ஆடியும் தொடர்ந்து தோற்கிற வாரங்கள் உண்டு. தப்பு தன்னிடமா, சீட்டிடமா என்று தெரியாத அந்த வாரங்களில் ராத்திரி எழுந்து, ஆடிய ஆட்டத்தையே மறுபடி மறுபடி பார்ப்பான். சட்டம் வந்து செயலி மூடிய அன்று ஊரே அவனுக்குப் பிழைப்புப் போயிற்று என்றது. அவனோ அன்று மத்தியானம் குழந்தை மாதிரி தூங்கினான். அதற்குப் பிறகு ஓசூர்க் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டபடி இருக்கிறான்.

இதில் ஒன்றையும் அவன் தர்மனிடம் சொன்னதில்லை. சொன்னது வேறு.

போன வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு மாமனார் வீட்டில் கிடா வெட்டியிருந்தார்கள். பந்தியில் மாமனார் திருமால் வாயைக் கிளறினார்.

"சூதாடறவனுக்கு எங்கூர்ல பொண்ணு குடுக்க மாட்டாங்க மாப்ள. நான் குடுத்தப்புறம் நீங்க ஆட ஆரம்பிச்சீங்க. தப்பிச்சீங்க."

சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. மாதேஷுக்குச் சுருக்கென்றது.

"நீங்க ஆடாத சூதா மாமா? நாத்து நடறப்ப என்ன வெல வரும்னு தெரிஞ்சா நடறீங்க? ஒரு நாளைக்குப் பொட்டி தங்கம். ஒரு நாளைக்கு ரோட்ல கொட்டிட்டு வெறும் வண்டியோட வர்றீங்க. இதுவும் தக்காளிதானுங்க."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. திருமாலே துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாமா மாமாதான்யா!" என்று மாதேஷின் இலையில் ஈரலை அள்ளி வைத்தான் தர்மன். பேச்சில் ஜெயித்த சந்தோஷத்தில் மாதேஷ் அதை அன்றோடு மறந்துபோனான்.

மாரண்டஹள்ளியில் இறங்கி மாமனார் தோட்டத்துக்கு நடந்தான். வீட்டு வாசலில் தர்மனின் வண்டி நின்றது, சாவியோடு. மாட்டுக்கொட்டகையில் மாடுகள் இல்லை. சாணி காய்ந்து வெடித்திருந்தது. தோட்டத்துக் காட்டில் தக்காளி பழுத்துச் சிவந்து, பறிக்க ஆளில்லாமல் தரையில் உதிர்ந்து கிடந்தது. சொட்டுநீர்க் குழாய் ஓடிய வரிகளில் குழாயைக் காணோம். மண்ணில் அதன் தடம் மட்டும் இருந்தது. அந்தக் கோடியில் திருமால் தனியாகக் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்.

மாதேஷின் கால்கள் அவரிடம் போகவில்லை. கிணற்றடிக்குப் போயின. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். இரண்டு புறாக்கள் படபடவென்று மேலே வந்தன. தண்ணீர் அசையாமல் இருந்தது.

"அங்க பாத்தாச்சுங்க மாப்ள" என்றார் திருமால், அவனுக்குப் பின்னால் வந்து நின்று. "விடிஞ்சதும் மொத வேலையா அதத்தான் பாத்தேன்."

கையிலிருந்த தக்காளிக் கூடையைக் கீழே வைத்தார்.

"வண்டி நிக்குதே மாமா."

"நிக்குது. விடியறதுக்கு முன்னயே எழுந்து நடந்துதான் போயிருக்கான். செருப்புப் போட்டுக்கிட்டுப் போயிருக்கான், சட்டையும் நல்ல சட்டை. அதப் பாத்துத்தான் கொஞ்சம் தெம்பா இருக்கேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"மாட்ட வித்தப்பவே பண்ணாதன்னுட்டான் அவன். மாமாவுக்குத் தெரிஞ்சா கேவலம், போனத எடுத்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னான்." அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். "நீங்க தோட்டம் வாங்கினீங்களாமே. எங்கிட்டச் சொல்லல, கண்ணு படும்னு இருக்கீங்களோன்னு நெனச்சேன்."

"யாரு மாமா சொன்னது?"

"தர்மன்தான். ஊரெல்லாம் சொன்னான். மாடு வாங்க வந்தவங்கிட்டச் சொன்னான், லாரிக்காரங்கிட்டச் சொன்னான். எங்க மாமா இப்படி எடுத்தாரு, நானும் எடுக்கறேன்னு."

ஆக, அரூர் சலூனில் கேட்ட கதை பிறந்தது இந்தக் காட்டில். மாதேஷ் ஏறிட்டுப் பார்த்தான். பெரியவர் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"மொதல்ல கொஞ்சம் வந்துதுன்னான். எங்கிட்டயும் காட்டினான், போன்ல நம்பரா இருந்துச்சு. வெளிய எடுக்கணும்னா இன்னுங் கொஞ்சம் கட்டணும்னு ஏஜெண்டு சொன்னானாம். கையில இருந்ததக் கட்டினான், போச்சு. மாட்ட வித்தான். அது போச்சு. பைப்ப வித்தான். அதும் போச்சு. மூணு தடவ போச்சுப்பா, உட்ருப்பான்னேன். நீதானேப்பா சொல்லிக் குடுத்த, மூணு போகம் போனா நாலாவது போகம் தூக்கிக் குடுக்கும்னு, அப்படீன்னான். மாமாவே சொல்லியிருக்காரு, இதுவும் தக்காளிதான்னு, அப்படீன்னான். நான் என்னாத்தச் சொல்ல?"

அந்தக் காட்டில் அது பொய்யில்லை. விலை விழுந்து, சுமந்துபோன பெட்டியை ரோட்டில் கவிழ்த்துவிட்டு வந்த பிறகு, அக்கம்பக்கத்துக்காரன் எல்லாம் பயந்து நாற்று வாங்க மாட்டான். சந்தைக்குச் சரக்குக் குறையும். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு நட்டவனுக்கு விலை நிற்கும். அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. இதே திருமால் அப்படி நட்டுத்தான் ரேவதியைக் கட்டிக்கொடுத்தார். சீட்டில் யாரும் பயந்து ஒதுங்குவதில்லை. சீட்டுக்கு முந்தைய போகம் நினைவில் இருப்பதில்லை. தோற்றவன் அடுத்த முறை உட்காரும்போது அது அவனை அன்றுதான் பார்க்கிறது. அதை விளக்கிச் சொல்ல இந்த ஜில்லாவிலேயே ஓர் ஆள் இருந்தான். அவன் ஈரலைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

இன்னொன்றும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் ஜெயித்த காசு எங்கிருந்து வந்தது? எதிரில் உட்கார்ந்து தோற்றவர்களின் முகத்தை அவன் ஒரு நாளும் கண்டதில்லை. திரையில் ஏதோ ஒரு புனைபெயர், ஒரு சிங்கப் படமோ புலிப் படமோ. 'இவன் உடமாட்டான், தோத்தாலும் மறுபடி வருவான்' என்று கணித்துத்தான் அந்த மேசைகளைத் தேடித் தேடி உட்கார்ந்தான். அந்தச் சிங்கத்துக்கும் புலிக்கும் பின்னால் எத்தனை மாட்டுக்கொட்டகை காலியாயிற்றோ.

வரப்பில் ஓடிவந்த பக்கத்துக் காட்டுச் செல்லம்மாள் மூச்சு வாங்க நின்றாள்.

"ண்ணா, எம்பேரன் காலைல பஸ் ஸ்டாண்டுல பாத்தானாம் தர்மன. ஓசூர் பஸ்ஸு பக்கமா நின்னிருக்கான். எங்கடான்னு கேட்டதுக்கு ஒண்ணும் பேசலியாம், சிரிச்சானாம்."

"ஏறினானா?" என்றான் மாதேஷ்.

"அத அவன் பாக்கல. அதுக்குள்ள பேரனோட பஸ்ஸு கெளம்பிருச்சு."

திருமால் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மாதேஷின் கையில் போன் அதிர்ந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். ரேவதி.

"பாலக்கோடு வந்துட்டேன்" என்றாள். "இருக்கானா?"

"காலைல பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்காங்க."

"நான் அதக் கேக்கல. இருக்கானான்னு கேட்டேன்."

மாதேஷ் திரும்பிக் கிணற்றைப் பார்த்தான். அந்தப் பக்கம் பேருந்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"உங்ககிட்டப் பேசத்தாங்க ஞாயித்துக்கெழமை கூப்ட்டிருக்கான்" என்றாள் ரேவதி. "வையுங்க. அவனுக்கே அடிச்சிக்கிட்டிருங்க. நீங்க வாங்கின தோட்டம் எதும் இல்லன்னு அவங்கிட்டச் சொல்லுங்க. நம்ம வூட்ல எப்படிச் சோறு ஆச்சுன்னு சொல்லுங்க. ஒண்ணும் மறைக்காம சொல்லுங்க."

வைத்துவிட்டாள். மாதேஷ் தர்மனின் எண்ணை அழுத்தினான். அந்தப் பெண்குரல் ஆரம்பிக்கட்டும் என்று காதில் வைத்தவன், சட்டென்று நிமிர்ந்தான்.

"என்னாங்க மாப்ள?"

"அடிக்குது மாமா. ஆன் பண்ணியிருக்கான்."

"எல்லாருக்கும் கேக்கறாப்பல போடுங்க."

போட்டான். மூவரும் அதைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மாதேஷ் மனதுக்குள் கோத்துக்கொண்டான். நான் எடுக்கல தர்மா. நான் ஒண்ணும் எடுக்கல. என்னை வேலய உட்டு அனுப்பிட்டாங்க, நானா உடல. அந்தச் சம்பாத்தியம் சம்பாத்தியமே இல்ல. மாடு போனா போவுது, நீ வா.

பாதி ஒலித்து நின்றது. மறுபடி அழுத்தினான்.

"எடுப்பா" என்றார் திருமால், போனைப் பார்த்து. "உங்கப்பந்தான். எடு."

மணி போய்க்கொண்டே இருந்தது.