சிஞ்ஞோராவின் தோட்டத்துத் தல்பா

தல்பா என்ற சொல்லை நான் முதலில் கேட்டது, இத்தாலியில் நான் வேலை செய்த வீட்டு அம்மாவான சிஞ்ஞோராவின் சமையலறையில். காலையில் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள், ஜன்னலருகே நின்றபடி கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"தல்பா வந்திட்டுது."

யாரோ விருந்தாளி என்று நினைத்து, "கோப்பி போடட்டோ?" என்று கேட்டேன். அவர் பேசுவது இத்தாலியன். என் காதில் விழுந்த விதத்தில் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

அவர் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். எலுமிச்சை மரங்களுக்கு நடுவே புது மண் குவியல் குவியலாகக் கிடந்தது. கார்ச்சோஃபி என்று இவர்கள் சொல்லும், தாமரை மொட்டுப் போலக் காய்க்கும் செடிகளில் ஒன்று சரிந்து கிடந்தது. தூக்கினால் அடியில் வேரே இல்லை. சிஞ்ஞோரா இரண்டு கைகளாலும் மண்ணைத் தோண்டுவது போல நடித்துக் காட்டினார். அப்போதுதான் அது ஒரு பிராணி என்று விளங்கியது.

சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் எங்கள் வீடு. அங்கிருந்து பஸ் எடுத்து சிஞ்ஞோராவின் வீட்டுக்கு நான் சில வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தேன். துப்புரவு செய்து, மத்தியானச் சாப்பாடு சமைத்து வைத்துவிட்டு வருவேன். சிஞ்ஞோராவின் கணவர் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் மிலானோவில். தினமும் மத்தியானம் தாயோடு போனில் கதைப்பாள்.

போனில் தல்பாவின் படத்தைத் தேடிப் பார்த்தேன். கறுப்பு வெல்வெட்டுத் துணி போல உடம்பு, கண் இருப்பதே தெரியவில்லை, முன்னங்கால்கள் மண்வெட்டி மாதிரி. கீழே தமிழில் அகழெலி என்று போட்டிருந்தது. அப்படி ஒன்றை நான் மன்னாரிலும் பார்த்ததில்லை, இங்கும் பார்த்ததில்லை. ரெஸ்டோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவும் என் மனுசனுக்குப் போன் எடுத்தேன்.

"அகிளானாத்தான் இருக்கும். பொறி வை," என்றார், ஊர்ப் பெருச்சாளியை நினைத்து.

"அகிளானுக்குக் கண் இருக்கெல்லே?"

"அப்ப எனக்குத் தெரியாது," என்று வைத்துவிட்டார்.

பொறிகள் அந்த வீட்டிலேயே இருந்தன. தோட்டத்து அறையில், எண்ணெய் ஊறிய துணியில் சுற்றிய மரப்பெட்டி. உள்ளே குறடு போன்ற இரும்புச் சாமான்கள். அவற்றின் இரண்டு பிடிகளையும் அமத்தி விரித்து, நடுவில் ஒரு சின்னத் தகட்டைக் கொடுத்தால் வாய் திறந்தபடி நிற்கும். அந்தத் தகட்டைப் பிராணி தள்ளினால் வாய் மூடிவிடும். வட இத்தாலிக்காரரான தன் கணவர் கொண்டுவந்தவை என்றார் சிஞ்ஞோரா.

கதிரையைத் தோட்டத்தில் போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நான் பொறி வைத்தேன். தடியால் மண்ணைக் குத்திப் பார்க்க வேண்டும். சட்டென்று உள்ளே இறங்கும் இடம்தான் சுரங்கம். அதைத் தோண்டி, பொறியை இறக்கி, வெளிச்சம் போகாமல் மூட வேண்டும். அதுவரை சரி. ஆனால் அடுத்த நாள், பொறியை மறுபக்கம் பார்த்தல்லவா வைக்க வேண்டும் என்று ஏசினார். ஒருநாள் மனித வாசம் படக் கூடாது, கையுறை போடு என்றார். மறுநாள் கையுறையைக் கண்டதும், "இதென்ன கூத்து? வெறுங்கையாலை வையும்," என்றார். என் இத்தாலியன்தான் குறை, நான்தான் பிழையாக விளங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். பொறிகளோ வெறும் மண்ணைக் கவ்விக்கொண்டு மூடிக் கிடந்தன. ஒரு நாள் சிஞ்ஞோரா தானே ஒன்றைத் தொட்டு விரலை நசுக்கிக்கொண்டார்.

எலுமிச்சை மரம் கத்தரிக்க வந்த தோட்டக்காரர் பொறியைக் கண்டு சிரித்தார்.

"சிஞ்ஞோரா, சிசிலியாவிலை தல்பாவே இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இது வயல் எலி."

"என்ரை மனுசன் இந்தப் பொறியாலை எத்தனை பிடிச்சவர்! இந்தக் கதிரையிலை இருந்து பாத்தனான்."

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இந்த மண்ணைக் கிண்டுகிற ஒருவர் இல்லை என்கிறார். கண்ணால் கண்டவர் உண்டு என்கிறார். யாரை நம்புவது?

கடைசியில் ஒன்று அகப்பட்டது. மண்நிறம், கட்டை வால், மிளகு போலக் கண். சிஞ்ஞோரா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"தல்பா," என்றார். பிறகு, "ஆனால் கண்ணிருக்கே," என்றார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். நான் அதை மரத்தடியில் புதைத்தேன்.

அடுத்த நாள் காலை அவர் முகமே வேறாக இருந்தது.

"இந்த வீட்டிலை ஒரு தல்பா இருக்கு."

"வீட்டிலை இல்லை சிஞ்ஞோரா, தோட்டத்திலை."

"வீட்டிலைதான்," என்று என்னைப் பார்த்தபடியே சொன்னார்.

நான் பிரிட்ஜை இழுத்துப் பின்னால் பார்த்தேன். அலுமாரிக்கு அடியில் டோர்ச் அடித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னபோது, பள்ளிக்கூடம் போகும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாதோன்னா! அம்மா, தல்பா எண்டா ஸ்பியா. உள்ளுக்கை இருந்துகொண்டு வெளியிலை கதை குடுக்கிற ஆள். உங்களைத்தான் சொல்லியிருக்கிறா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யாருக்கு என்ன சொன்னேன்?

மறுநாள் நேராகவே கேட்டேன். "சிஞ்ஞோரா, நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. ஏன் என்னிலை கோவம்?"

"பொறியிலை என்ரை விரல் நசிஞ்சது என்ரை மகளுக்கு எப்பிடித் தெரியும்? நீர் சொல்லாமல்?"

அவருடைய மகளின் போன் நம்பரே என்னிடம் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

மத்தியானம் வழக்கம்போல மகளின் அழைப்பு வந்தது. நான் சூப் பரிமாறிக்கொண்டு நின்றேன். சிஞ்ஞோரா என் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார்: பொறி, நசுங்கிய விரல், கண்ணுள்ள தல்பா, பொய் சொல்கிற தோட்டக்காரர். போனை வைத்தார். சூப் குடித்தார். கரண்டியைப் பாதியில் நிறுத்தி, "தோட்டத்துக் கதையெல்லாம் அவளுக்கு ஆர் சொல்லுறது?" என்று என்னைக் கேட்டார்.

நீங்கள்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பாணை அவர் பக்கம் தள்ளினேன். அவருடைய மகளிடம் சொல்ல வேண்டும். சொன்னால், அவர் சொன்ன அதே தல்பா நான்தான் என்றாகிவிடும். சொல்லாவிட்டால், தனியாக இருக்கும் மனுசி அடுப்பை மறந்துவிட்டால் என்ன ஆகும்? "வேலைக்குப் போற இடத்திலை குடும்பக் கதைக்குள்ளை போகாதை," என்றார் என் மனுசன். "சொல்லத்தான் வேணும்," என்றாள் என் மகள். இரண்டும் சரியாகத்தான் பட்டது.

ஒளித்துச் சொல்ல மனமில்லை. அடுத்த மத்தியானம் போன் மணி அடித்தபோது, "நான் உங்கடை மகளோடை கதைக்கப் போறன், நீங்களும் பக்கத்திலை இருங்கோ," என்றேன். "கதையும்," என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். எனக்குத் தெரிந்த இத்தாலியனில், அம்மா மறக்கிறா என்று சொன்னேன்.

மகள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் விளங்குது. ஒவ்வொரு நாளும் ஒரே கதைதான். அப்பா தல்பா பிடிச்சது பலெர்மோவிலை இல்லை. கலியாணம் கட்டின புதிசிலை, வடக்கிலை, அவரின்ரை தகப்பன்ரை வீட்டிலை."

"எலுமிச்சை மரம் நிண்டது," என்றார் சிஞ்ஞோரா.

"அங்கை எலுமிச்சை இல்லை, மம்மா."

"நிண்டது. நிழலிலைதான் நான் இருந்தனான்."

மகள் லீவு போட்டு வந்தாள். டொக்டரிடம் கூட்டிப்போனாள்; மறதி வருத்தம் என்றாராம். காலையும் மாலையும் குளிசை. என் வேலை நாட்களும் நேரமும் கூடின. மண் குவியல்கள் வந்துகொண்டேதான் இருந்தன. இனிமேல் விரல் நசுங்க வேண்டாம் என்று, திரும்பிப் போகும்போது மகள் பொறிகளைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

விமான நிலையத்தில் அவளை மறித்துவிட்டார்கள். அங்கிருந்து போன் எடுத்தாள். "இது என்னெண்டு கேக்கினம், நான் சொன்னால் நம்பினமில்லை. அம்மாட்டைக் குடுங்கோ!"

சிஞ்ஞோரா போனை வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத அந்த அதிகாரிக்கு விளங்கப்படுத்தினார். சுரங்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கையுறை ஏன் போட வேண்டும். ஒரு சொல் தடுமாறவில்லை. அந்த மனிதர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இஞ்சை இல்லை, வடக்கிலை. என்ரை மாமனாரின்ரை வீட்டிலை," என்றார். நான் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையோடு அப்படியே நின்றேன். டொக்டர் பிழையா? மகள் பிழையா? இந்த மனுசிக்கு என்ன வருத்தம்?

இரும்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். மகள் விமானம் ஏறிவிட்டாள்.

சிஞ்ஞோரா போனை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆர் கதைச்சது?"

"உங்கடை மகள்."

"வாறாளாமோ?"

இப்போதுதானே வந்துவிட்டுப் போகிறாள் என்று சொல்வதா, வருவாள் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. "ஓம்," என்றேன்.