பெருங்காய டப்பாவில் துப்பாக்கிக் கேப்பு

போன தேர்தல் சமயம் நடந்தது இது. சாணார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அத்தை வீட்டுக்கு, அத்தை மகளுக்குப் பூ வைக்க ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று நான் காலையிலேயே போய்விட்டேன்.

எங்கள் சொந்தத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அதற்கு மேல் தீ விபத்துத் தடுப்பு, பாதுகாப்பு என்று ஒரு டிப்ளமோவும் படித்து, திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். பஞ்சுக் குடோன் பக்கம் பீடி பற்ற வைப்பவர்களைத் துரத்துவதுதான் முக்கால்வாசி வேலை. அந்தப் பழக்கம் லீவு நாளிலும் போகாது. எந்த வீட்டுக்குப் போனாலும் கேஸ் டியூபைத் திருப்பித் தேதி பார்ப்பேன். அதனால் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு 'சேப்டி' என்றே பெயர். "சேப்டி வந்துட்டான், அடுப்பைப் பத்திரமா எடுத்து ஒளிச்சு வைங்கடி" என்றுதான் அத்தை அன்றைக்கும் வரவேற்றார்.

குத்துவிளக்கு எடுப்பதற்காக மாமா பீரோவைத் திறந்தார். பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு தகரப் பெருங்காய டப்பா உட்கார்ந்திருந்தது.

"என்ன மாமா, பெருங்காயத்தையெல்லாம் பூட்டி வைக்கிறீங்க?" என்றேன்.

மாமா வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கத்தாத மாப்ள. அது கேப்பு."

மாமாவின் தோட்டம் சிறுமலை அடிவாரத்தில். காட்டுப் பன்றி வந்தால் ஒரே ராத்திரியில் மொத்த மக்காச்சோளமும் காலி. அதற்காக லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறார். குழல் வழியாக வெடிமருந்தைக் கெட்டித்து, பின்னால் ஒரு செம்புக் கேப்பை மாட்டுவார்கள். விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தி வந்து அதில் அடித்ததும் கேப்பு பொறி விடும், மருந்து பற்றும். கேப்பு பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். ஆனால் தீபாவளிப் பொட்டு கேப்போடு அதைச் சேர்த்து நினைக்கக் கூடாது. கையிலேயே வெடித்தால் விரல் தேறாது.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் எங்கள் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். மாமாவும் தன்னுடையதைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். துப்பாக்கிக்கு அங்கே போலீஸ் காவல். கேப்புக்கு இங்கே பட்டுப் புடவை காவல்.

"வாங்கினப்ப ஒரு அட்டைப் பெட்டி குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாய்ங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் குழி, தொட்டில்ல பிள்ளைய போட்ட மாதிரி. எலி கடிச்சிருச்சு. அதான் இதுல கொட்டுனேன். காத்துகூடப் புகாது மாப்ள!" அதில் அவருக்குப் பெருமை வேறு.

அவரை உட்கார வைத்து வகுப்பெடுத்தேன். இது ஒன்றோடொன்று உரசக் கூடாது, அதனால்தான் குழி. தகர டப்பாவில் மொத்தமாகக் கொட்டினால் ஒன்று வெடித்தாலும் எல்லாம் சேர்ந்து வெடிக்கும், டப்பாவே சிதறும். ஆட்டக் கூடாது, நெம்பித் திறக்கக் கூடாது, சூடு படக் கூடாது, குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும்.

கேட்கக் கேட்க மாமாவின் முகம் சுருங்கிப் போனது. "அம்புட்டு இருக்கா இதுல? உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லிறாத. இந்த எழவை வீட்டுக்குள்ள வைக்காதீங்கனு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல துப்பாக்கிங்கிற பேச்சே விழக் கூடாது. வேட்டைக்காரன் வீட்டுல பொண்ணு எடுக்கிறோமேனு பயந்துக்கிட்டு போயிருவாங்க."

சரி என்று ஒத்துக்கொண்டேன். கேப்புகளைக் குழிக்கு ஒன்றாக வைக்கலாம் என்று தெருமுனைக் கடைக்கு ஓடி ஒரு அட்டை முட்டைத் தட்டும் கொஞ்சம் பஞ்சும் வாங்கி வந்தேன். பீரோவில் டப்பா இல்லை.

"நீதான குளிர்ச்சியான இடம்னு சொன்ன?" என்றார் மாமா. "அடுப்படியில தண்ணிப் பானைகிட்ட வச்சிருக்கேன்."

அடுப்படிக்கு ஓடினேன். பானைக்குப் பக்கத்தில் பெருங்காய டப்பா இருந்தது. ஒன்றில்லை, இரண்டு. அத்தையின் டப்பாவும் அங்கேதான் இருக்குமாம். ஒரே கம்பெனி, ஒரே அளவு. முகர்ந்து பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரி மணத்தன. பெருங்காயம் ஒருமுறை குடியிருந்த டப்பாவிலிருந்து அந்த வாசனையைக் கிளப்பவே முடியாது போல.

"ஆட்டிப் பாத்தா தெரிஞ்சிரும் மாப்ள."

"ஆட்டக் கூடாது மாமா."

"அப்ப மூடிய நெம்பு."

"நெம்பக் கூடாது மாமா."

"பின்ன என்னத்துக்குடா படிச்ச?"

இரண்டையுமே வெளியே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். முட்டைத் தட்டில் பஞ்சைப் பரப்பி, இரண்டு டப்பாவையும் அதில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தேன். நான் கூடத்தின் நடுவில் இருக்கும்போது சரியாக மாப்பிள்ளை வீட்டார் உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. வெள்ளை வேட்டி, பெரிய மீசை.

"ஏனுங்க தம்பி, என்னங்க அது? சீர்த் தட்டா?"

"இல்லைங்க. பெருங்காயம்."

"பெருங்காயமா? அதுக்கு இத்தனை மரியாதைங்களா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? ஒரு டப்பாவை எடுத்துக் காதோரம் வைத்து, தேங்காயை ஆட்டிப் பார்ப்பது மாதிரி இரண்டு ஆட்டு ஆட்டினார். "கட்டிப் பெருங்காயமுங்க, அருமையாக் கிடக்குது" என்று திருப்பி வைத்தார். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் நகர்வதற்குள் உள்ளேயிருந்து அத்தை வந்துவிட்டார். "ஏலே அப்பு, சாம்பாருக்குத் தாளிக்க எண்ணெய் காயுது, நீ என் பெருங்காயத்தை ஊர்வலம் கொண்டு போறியா?" என்று தட்டிலிருந்து ஒரு டப்பாவை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எது போனது? தெரியவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் மாப்பிள்ளை வீட்டாரைக் கண்ணால் காட்டி, உதட்டில் விரலை வைத்தார். உள்ளே கரண்டியால் மூடியை நெம்பும் 'டிக்' சத்தம் கேட்டது. கூடம் நிறையச் சம்பந்தம் பேச வந்தவர்கள். உள்ளே காயும் எண்ணெய்க்கு முன்னால் அத்தை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"அத்தை! கையை எடுங்க! அதுல துப்பாக்கிக் கேப்பு இருக்கு!"

கத்திக்கொண்டே அடுப்படிக்குள் பாய்ந்தேன். அத்தை அப்படியே சிலையாக நின்றார். திறந்த டப்பா எண்ணெய்ச் சட்டிக்கு மேலே சாய்ந்திருந்தது. விளிம்பில் செம்புக் கேப்புகள் பளபளவென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் சட்டிக்குள்தான். அடுப்பை அணைத்தேன். அவர் கையோடு சேர்த்து டப்பாவைப் பிடித்து நிமிர்த்தி, மெல்ல வாங்கிக் கொல்லைப்புறத்து நிழலில் வைத்துவிட்டு வந்தேன்.

அத்தை என் பின்னாலேயே கூடத்துக்கு வந்தார். வந்ததும் மாமாவைத்தான் பார்த்தார். "பொண்ணுக்குப் பூ வைக்கச் சொன்னா, எனக்கு மாலை போடப் பாத்தீரா?"

மாமா குனிந்த தலை நிமிரவில்லை. சம்பந்தம் போச்சு என்று நானும் தலையைத் தொங்கப் போட்டேன். பெரியப்பா மட்டும் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கிட்டே வந்தார்.

"தம்பி, அதை மொத்தமா ஒரு டப்பாவுல போட்டு வைக்கக் கூடாதுங்களா?"

"கூடவே கூடாதுங்க."

"பிளாஸ்டிக்குனாலும்?"

"எதிலயுமே கொட்டி வைக்கக் கூடாதுங்க. வேற பேர் போட்ட டப்பான்னா இன்னும் மோசம்."

அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போனாலும் அந்தக் குரல் எங்கே அடங்கும்? "கண்ணு, நாந்தான். எங்கட சுகர் மாத்திரை டப்பா ரெண்டு இருக்குதல்லோ, அதுல சாமி படத்துக்குப் பின்னால இருக்கறத ஆரும் தொட்டுராதீங்க. ஆத்தா மாத்திரை போட்டுட்டாளா? எந்த டப்பாவுல எடுத்தா? நல்லாப் பாத்துச் சொல்லு!"

கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஆத்தா சரியான டப்பாவில்தான் எடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அவர் தோட்டத்திலும் பன்றித் தொல்லையாம். அவர் துப்பாக்கியும் ஸ்டேஷனில்தான் இருந்ததாம், கேப்பு மாத்திரை டப்பாவிலாம். பூ வைத்து முடிவதற்குள் இரண்டு சம்பந்திகளும் பன்றிக் கதை பேசி உறவாகிவிட்டார்கள். சாம்பார் மட்டும் பெருங்காயம் இல்லாமலே பந்திக்கு வந்தது. மிச்சமிருந்த டப்பாவைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

கேப்புகளை என்ன செய்வது என்று விற்ற கடைக்காரரிடமே கேட்டு, அவர் சொன்னபடி மாமா அவரிடமே ஒப்படைத்துவிட்டார். ஆனால் அந்தக் கூடத்தில் நான் வாயைத் திறக்காமல் நின்ற சில நொடிகள் என்னை இன்னும் விடவில்லை. எனக்கு எல்லா விதியும் தெரிந்திருந்தது. அடுப்பு முன்னால் நிற்கும் அத்தையிடம்தான் அதைச் சொல்லாமல் இருந்தேன். அன்றிலிருந்து, நாலு பேர் முன்னால் மானம் போகுமே என்று எதையாவது சொல்லத் தயங்கும்போதெல்லாம், எண்ணெய்ச் சட்டிக்கு மேலே சாய்ந்து நின்ற அந்தக் கை ஞாபகத்துக்கு வரும். உடனே வாயைத் திறந்துவிடுகிறேன்.