மதினி தந்த பக்கத்தில் வந்த வலி

போன மாசி மாதம், திருமயத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அதற்கு முந்தைய வருடம்தான் எனக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சிறுநீரகம் தந்தவர் என் கணவரின் அக்கா. ஆவுடையார்கோவிலில் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். ரத்த சொந்தம் இல்லை என்பதால், அனுமதி தரும் குழுவினர் அவரைத் துருவித் துருவிக் கேட்டார்கள். "யாரும் சொல்லி வரலைங்க. எந்தம்பி பொண்டாட்டி நல்லா இருக்கணும், அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

அன்று தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வலது அடிவயிற்றில், புதுச் சிறுநீரகம் வைத்த அதே பக்கத்தில், நெருப்புப் பட்டது போல ஓர் எரிச்சல். பாவாடை நாடா உரசினால்கூட உயிர் போனது. மறுநாள் அது இடுப்பைச் சுற்றி முதுகு வரை போய்விட்டது. காய்ச்சல் வேறு. மாற்றி வைத்த உறுப்பை உடம்பு ஏற்காமலும் போகலாம் என்று டாக்டர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். அது ஞாபகத்துக்கு வந்ததும் போனைத் தேடி எடுத்தேன்.

கணவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். போனில் விஷயத்தைச் சொல்லி, "ஒங்க அக்காட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே மதினி வந்து இறங்கிவிட்டார்.

"எங்கிட்டு வலிக்குது? காட்டு" என்று சேலையை விலக்கிப் பார்த்தார். சிவந்துபோன தோலில் முத்து முத்தாகக் கொப்புளங்கள், ஒரு பட்டை போல ஓடியிருந்தன. காலையில்கூட அவை இல்லை. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது அக்கி. காவி கரைச்சு எழுதுனா எறங்கிரும்" என்றார்.

"எழுதுறத அப்பறமா எழுதிக்கிரலாங்க. இவ சாப்புடுற மாத்திரைக்கு இதையெல்லாம் வெளையாட்டா விட முடியாது" என்ற மதினி, என் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டார். ஒரு காரைப் பிடித்து, எனக்கு ஆபரேஷன் செய்த மதுரை மருத்துவமனைக்கே கூட்டிப்போனார். வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு இடத்தில் தாங்க முடியாமல், "நீங்க குடுத்ததப் பாழாக்கிட்டேனா மதினி?" என்று அழுதுவிட்டேன். "பேசாம வா" என்றார். அவ்வளவுதான். கோபமா, பயமா என்று தெரியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். பிறகு டாக்டர் வந்து உட்கார்ந்து, சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை, இது அக்கிதான் என்றார். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்புக்குள் பதுங்கியே இருக்குமாம். மாற்றுச் சிறுநீரகத்தைக் காப்பதற்காக நான் சாப்பிடும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், அது மறுபடி தலைதூக்கியிருக்கிறது. "சீக்கிரம் வந்துட்டீங்க. விட்டிருந்தா உடம்பு பூரா பரவியிருக்கும்" என்று சொல்லி அட்மிட் செய்து, நரம்பில் மருந்து ஏற்றச் சொன்னார்.

தனக்கு அக்கி வந்திருக்கிறது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பாடா என்று மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவரோ டாக்டரை விடவில்லை.

"கிட்னி கெடக்கட்டுங்க. புள்ள துடிச்சுப்போறா. இந்த எரிச்சல் எப்பங்க நிக்கும்?"

கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்த பிறகும் எரிச்சல் முழுதாக அடங்கச் சில வாரங்கள் பிடித்தன. ஆனால், கொடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று அதுவரை எனக்குள் இருந்த பயம் அந்த ஒரு கேள்வியோடு போய்விட்டது. இப்போதெல்லாம் உடம்பில் எங்கே சுருக்கென்றாலும், மறைக்கத் தோன்றாமல் நான் முதலில் கூப்பிடுவது மதினியைத்தான்.