மேசைமேல் தேறிய கீபோர்டு

எங்கள் பங்குக் கோயிலின் பழைய கீபோர்டு செத்ததற்குக் காரணம் ஒரு துளை. அடாப்டர் செருகும் துளையை உடலோடு திருகி முடுக்காமல், உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையில் வெறும் ஈயப்பற்றால் நிறுத்தியிருந்தார்கள். ஒயர் இழுபடும் ஒவ்வொரு முறையும் பற்று கொஞ்சம் விரிசல் விட்டது. ஒரு நட்டை மிச்சம் பிடித்தவரை நான் குறை சொல்லவில்லை. அவரும் ஏதோ ஓர் அலுவலகத்தில் பாராட்டுப் பெற்றிருப்பார்.

அரசுத் துறையில் கொள்முதல் பிரிவில் ஓய்வு பெற்றவன் என்பதால், புதியது வாங்கும் பொறுப்பைப் பங்குப் பேரவை என் தலையில் கட்டியது. கீபோர்டு வாசிப்பவர் இளம்பிள்ளையில் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டும் ஒரு பெண். ஞாயிறுதோறும் கருவியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு இரண்டு கிளைக் கோயில்களுக்குப் போய், பிறகு இங்கே வருவார். போனில் ஒன்றைக் காட்டினார். சின்னது, பிளாஸ்டிக் உடல், குறுகிய கட்டைகள், பேட்டரியில் ஓடும்.

"இது போதுமுங்க ஐயா."

"இது பொம்மைம்மா," என்றேன்.

விவரக்குறிப்பு எழுதினேன். உலோக உடல், முழு அகலக் கட்டைகள், ஒவ்வொரு வேலைக்கும் தனிக் குமிழ். துளைகள் எல்லாம் உடலோடு முடுக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கினேன். வந்த கருவியைப் பேரவை மேசையில் வைத்து ஒவ்வொரு கட்டையையும் இருபது முறை அழுத்தினேன். குமிழ்களை ஆட்டினேன்; ஒன்றும் ஆடவில்லை. தேர்ச்சி என்று கையெழுத்திட்டேன். கடையிலிருந்து இரண்டு ஆட்கள் சேர்ந்து அதைத் தூக்கி வந்ததைப் பார்த்தேன்தான். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு, முதல் கிளைக் கோயிலில் கரண்ட் இல்லை. இரண்டாவதில், அந்தப் பாரத்தை ஏற்றி இறக்கி அவர் போய்ச் சேர்ந்தபோது நற்கருணை கொடுத்து முடிந்திருந்தது. நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க ஐயா, வாங்கறதுக்கு முந்தி இதத் தூக்கிப் பாத்தீங்களா?"

"படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்லம்மா."

"அப்ப அந்தப் படிவத்தையே வண்டில கட்டி வாசிக்கச் சொல்லுங்க. தோள்பட்டை போச்சுன்னா எனக்குக் குஞ்சம் யாரு கட்டுவா? இனி நான் வரலீங்க."

எழுத்துமூலம் தரச் சொன்னேன். காணிக்கை உறை ஒன்றின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். தேதி போட்டிருந்தார், என் பழைய அலுவலக ஆட்கள்கூட அதை மறப்பார்கள்.

மறுநாள் கோயிலில் யாரும் இல்லாதபோது நானே அதைத் தூக்கினேன். வாசலில் ஏழு படிகள். மூன்றாவதில் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உறுதி என்று நான் கேட்டதெல்லாம் எடையாக வந்திருந்தது. பேட்டரிக்கு இடமே விடவில்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை.

பேரவைக்குக் குறிப்பு அனுப்பினேன்: "எடையும் மின்தடையும் விவரக்குறிப்பில் விடுபட்டன. பிழை கீழே கையெழுத்திட்டவருடையது." பணிக்காலத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை. பங்குச் சாமியார் இரண்டு முறை படித்தார்.

"கையெழுத்திட்டவர்னா நீங்கதானே?"

"ஆமாங்க சாமி."

பெரியது கோயிலுக்குள்ளேயே ஸ்டாண்டில் நின்றது. பொம்மை வாங்கப்பட்டது. அவர் திரும்பி வந்தார். பொம்மையின் குமிழ்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. பையில் போட்டால் முறியும். சேலைப் பெட்டி அட்டையை மடித்து அவரே ஒரு மூடி செய்துகொண்டார். குமிழ்கள் குறைவு என்பதால் ஒலியை மாற்ற, சின்னத் திரையைப் பார்த்து ஒரே பொத்தானை நாலைந்து முறை அழுத்த வேண்டியிருந்தது.

குருத்தோலை ஞாயிறு பவனியில் அதைத் தோளில் மாட்டி நடந்தபடியே வாசித்தார். பாதி வழியில் என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, வெயிலுக்குத் திரை ஒன்னுமே தெரியலீங்க. ஆர்கன்ல இருக்குதா, புல்லாங்குழல்ல இருக்குதா?"

எனக்கும் தெரியவில்லை. குடையை விரித்துப் பிடித்தேன்.

"இன்னும் தாழப் புடிங்க. எனக்கு வழி தெரியோணும்."

தாழப் பிடித்தேன். கோயில் வாசல் வரை திரை நிழலில் வந்தது. நாங்கள் இருவரும் வெயிலில் வந்தோம்.