ஒற்றை வசனம்

பிரெஞ்சு பேசும் எங்கள் ஊரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு விருந்தில் அவரைச் சந்தித்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து மகளிடம் வந்திருந்த நடிகர். அங்கே தமிழ் வானொலியில் அரச வேடமெல்லாம் அவருக்குத்தான். வானொலிப் பழக்கத்தில், பேசுமுன் இடது காதைப் பொத்திக்கொள்வார். தேநீர் கேட்டாலும் அந்தக் குரலில் முரசு அதிரும்.

"அங்க இங்கிலீஷ் டிவியிலயும் நடிச்சனீங்களாமே, என்ன வேசம், அண்ணை?"

"நோயாளி. ஒரேயொரு வசனம். 'ஒப்பரேசன் செய்யட்டோ?' எண்டு டொக்டர் கேக்க, நான் 'யெஸ்' சொல்லவேணும். பதகளிப்பில, வீட்டில ஆமெண்டு சொல்லுற மாதிரி, 'ஓம்' எண்டிட்டன்."

"ஐயோ, காட்சியை வெட்டிப்போட்டாங்களோ?"

"சாகப்போறவர் மந்திரம் சொல்லுறார் எண்டு நினைச்சு டைரக்டருக்கே கண் கலங்கிட்டுது. முழு ஆஸ்திரேலியாவும் கேட்டது, எங்கட ஓம்!"

மறுநாள் டெப்பனர் கடையில் பால் வாங்கினேன். ரசீது வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்டாள் கடைக்காரி. இடது காதைப் பொத்திக்கொண்டு, நிமிர்ந்து, "ஓம்" என்றேன்.

தந்துவிட்டாள்.