கஞ்சிக்காக நான் செய்த ஜெபம்

ஒரு பெண் வைத்த கஞ்சியைப் பற்றி நான் பொய் சொன்னேன். அதையும் கண்ணை மூடி, கைகளைக் குவித்து, ஆண்டவரிடம் சொல்வதுபோலச் சொன்னேன். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், சபையில் மூப்பன். வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

நாகர்கோவிலில் எங்கள் பிரெஸ்பிடேரியன் சபைகள் மூன்று. எங்களுக்குப் பிஷப் கிடையாது. மூப்பர்கள் கூடி உட்கார்ந்துதான் எதையும் முடிவு செய்வோம். அதாவது, முதலில் சாயா குடிப்போம், பிறகு ஜெபிப்போம், பிறகு போன கூட்டத்தில் எடுத்த முடிவை மாற்றுவோம். அப்படிப்பட்ட நாங்கள் மாற்றாமல் வைத்திருந்த ஒரே காரியம் சனிக்கிழமைக் கஞ்சி. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. நோயாளிகளுக்குத் துணை இருப்பவர்களுக்கு அங்கே கஞ்சியும் சிறுபயறும் துவையலும் பப்படமும் கொடுப்போம். மூன்று சபைகளும் முறை வைத்துச் சமைக்கும்.

அரிசி வீடுகளிலிருந்து வரும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டு வருவார்கள். பிடி அரிசி பரிசுத்தமானதுதான். ஆனால் சமைக்க லேசானதல்ல. ஒரு வீட்டில் சம்பா, அடுத்த வீட்டில் பொன்னி, இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசி, மகன் வளைகுடாவில் இருக்கும் வீட்டிலிருந்து பிரியாணி அரிசி. எல்லாம் ஒரே சாக்கில். எங்கள் சபையின் முறையில் பாதி கரைந்து போயிருக்கும், பாதி பல்லைப் பதம் பார்க்கும். மேற்பார்வை என்னுடையது. மேற்பார்வை என்றால் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று வசனம் சொல்வது.

இரண்டாவது சபையின் முறையில் ஒரு விதவை சமைப்பார். அவர் வைக்கும் கஞ்சியில் மட்டும் எல்லா அரிசியும் ஒன்றாய் வெந்திருக்கும். எப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்டால் எங்கள் சபை தோற்றதாகிவிடுமே.

எங்கள் முறை ஒன்றில், கடியப்பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒருவர் தூக்குவாளியை நீட்டினார். அண்டாவை எட்டிப் பார்த்தவர் வாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சாரே, அந்த அக்கா வைக்குத கஞ்சி எந்த சனிக்கிழம?"

"அடுத்த சனி."

"அப்ப இன்னைக்கு பப்படம் மட்டும் தாரும்."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் புளித்துக்கொண்டே கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா சமைத்தார். அதற்கு மறுவாரம் மூன்று சபைகளின் கூட்டு ஜெபம். என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். "ஆண்டவரே, கடந்த சனிக்கிழமை கஞ்சி குடித்து வயிற்று உபாதையால் வாடும் பிள்ளைகளைத் தொட்டருளும், சமைக்கிற கைகளுக்குச் சுத்தத்தைத் தந்தருளும்" என்றேன். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. மனிதர் பேச்சுக்கு மறுபேச்சு உண்டு. ஜெபத்துக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பெண்கள் வரிசையிலிருந்து அவருடைய ஆமென் சற்றுப் பிந்தி வந்தது.

நான் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: கஞ்சியால் பாதிக்கப்பட்டோருக்காக ஜெபிக்கவும். கீழே கூப்பிய கைகள் வரிசையாக. துபாயிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டு, "எத்தன பேரு அட்மிட்டு?" என்று கேட்டான். என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க செபம் பண்ணினியளா, பெட்டிசன் போட்டியளா?"

மூப்பர்கள் கூடினோம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அது எங்கள் வழக்கமில்லை. சகோதரிக்கு ஓய்வு தேவை என்று அன்போடு தீர்மானித்து, அவரைப் பப்படம் பொரிக்கப் போட்டோம். தீர்மானத்தை வழிமொழிந்தவன் நான். அவர் பப்படம் பொரிக்க வரவில்லை. ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

பிறகுதான் மனைவி சொன்னாள். அவருடைய கணவர் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், இவரும் தூக்குவாளியோடு எங்கள் வரிசையில் நின்றவர். கணவரை அடக்கம் செய்தபின் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தவர், முதன்முதலாக எழுந்து வந்தது அந்தக் கொட்டகைக்குத்தான். "எழும்பி நடக்க அவளுக்கு ஒரு அண்டா இருந்துது. அதையும் பறிச்சாச்சு" என்றாள்.

எனக்குத் தெரிந்த வழியில் முதலில் சரிசெய்யப் பார்த்தேன். அடுத்த கூட்டு ஜெபத்தில், "ஆண்டவரே, கஞ்சி குடித்த ஒருவருக்கும் ஒரு நோவும் இல்லை, ஸ்தோத்திரம்" என்றேன். எங்கள் சபைகளில் யாரும் அல்லேலூயா என்று சத்தம் போடுவதில்லை. அன்று ஒருவர் போட்டார். மூப்பர் ஜெபித்தார், எல்லோரும் குணமானார்கள் என்று அன்றிரவே செய்தி பரவியது. பொய் இன்னும் உறுதியானதோடு, எனக்குக் குணமாக்கும் வரமும் கிடைத்துவிட்டது. மறுநாள் ஒருவர் முட்டுவலிக்கு ஜெபிக்கச் சொல்லி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

ஒரு மத்தியானம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர் நடையிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தப்பு எம்மேலதான். ஆண்டவருக்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு" என்றேன்.

"யாருக்கும் வயித்துக்கு ஒண்ணும் இல்லன்னு அவருக்கு அன்னைக்கே தெரியும் சாரே. தெரியாதது சபைக்காரங்களுக்குத்தான். அவங்ககிட்ட சொன்னியளா?"

"இன்னும் இல்ல."

"பெறவு என்னத்துக்கு இந்த வெயில்ல வந்திய?"

அடுத்த கூட்டு ஜெபத்தில் நான் எழுந்து, எல்லோரும் கண்ணைத் திறங்கள் என்றேன். சிலர் திறக்கவில்லை, ஏதோ சோதனை என்று நினைத்திருப்பார்கள். நான் சொன்னது பொய், பொறாமையில் சொன்னேன், அந்தக் கஞ்சியில் ஒரு குறையும் இல்லை என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. என்னோடு மூப்பராய் இருந்த நண்பர் மட்டும், "அன்னைக்கு நானும் சேந்துல்லா ஆமென் சொன்னேன் வேய்!" என்று தலையில் கைவைத்தார்.

இந்தச் செய்தியை ஒருவரும் பரப்பவில்லை. நானே வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டேன். ஒரே ஒரு கூப்பிய கை வந்தது, மனைவியுடையது. மூப்பர் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். கஞ்சிக்குப் பிறகு அவர்கள் மாற்றாமல் வைத்திருக்கும் காரியம் அதுதான். முட்டுவலிக்காரர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

அந்த அம்மாவை மறுபடி சமைக்க அழைத்தார்கள். கொஞ்ச நாள் பிடிகொடுக்காமல் இருந்துவிட்டு, ஒரு நிபந்தனை சொன்னார்: தன் முறையில் முதல் கிண்ணத்தை நான் வரிசைக்கு முன்னால் நின்று குடிக்க வேண்டும்.

போய் நின்றேன். அவர் ஊற்றினார். வரிசை முழுவதும் என் வாயையே பார்த்தது.

"உப்பு போதுமா சாரே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

உப்பு கொஞ்சம் குறைவு. கொள்ளாம், நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. குறைவென்றால், கிழவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்பார்கள். இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"கொஞ்சம் குறவு" என்றேன்.

அவர் அகப்பையில் எடுத்து, ஊதி, ருசி பார்த்தார். உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினார்.

"குறவுதான்" என்றார். பிறகு அடுப்பு இருந்த பக்கம் தலையை ஆட்டினார். "எண்ண காஞ்சு கெடக்கு. போய் பப்படத்த பொரிங்க."

இன்றும் அவருடைய முறையில் பப்படம் பொரிப்பது நான்தான். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னதில்லை. பப்படம் கருகினால் மட்டும் சொல்வார்.