மூன்று வாளித் தண்ணீர்

என் காரின் பொனட்டில் அண்ணனின் வலது கை பட்ட இடத்தை இன்றைக்கும் என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். இடது பக்க விளக்குக்கு மேலே, ஒரு சாண் உள்ளே. கார் வீட்டுக்கு வந்து இரண்டாவது நாள் அது. அவர் வாவியில் இருந்து நேரே வந்திருந்தார். ஈரச் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். தோளில் வலை, கையில் எனக்கென்று ஒரு பை இறால். பையை வாசல் படலையில் கொழுவிவிட்டு வந்து, மாட்டைத் தட்டிக்கொடுப்பதைப் போலக் காரைத் தட்டி, "நல்ல சாமான் புள்ள" என்றார். "கைய எடுங்க அண்ணன், மீன் நாத்தம்" என்றேன் நான். ஒழுங்கையில் அயலவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் கையை எடுத்துச் சாரத்தின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் அதோடு விட்டிருக்கலாம். உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டு வந்து, அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அந்த இடத்தைக் கழுவினேன்.

நான் தாதியாக முப்பது வருடம் வேலை செய்தவள். ஊரில் எல்லோருக்கும் நான் மிஸ்ஸி. பகிடி விடுகிற நேரத்தில் அண்ணனுக்கும் மிஸ்ஸி, மற்ற நேரத்தில் புள்ள. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் இந்தக் காரை வாங்கினேன். யப்பானில் யாரோ ஓடிவிட்டுக் கழித்த சின்ன வெள்ளைக் கார். விற்கிற இடத்தில் வரிசையாகக் குழாய் விளக்குகள் எரிந்தன. அவற்றின் கீழே, காற்று விழுந்த நேரத்து வாவியைப் போல, ஒரு சுருக்கம் இல்லாமல் அது நின்றது. சாகும்வரை இதை இப்படியே வைத்திருப்பேன் என்று அங்கேயே முடிவெடுத்தேன். சீற்றுகளுக்குப் போட்டிருந்த பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் பக்கத்தில் பலர் கழற்றுவதில்லை. வெயிலுக்கு முதுகு ஒட்டும், வியர்வை ஓடும், எழும்பும்போது தோல் உரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஆனாலும் சீற் புதிதாக இருக்கிறது என்று ஒரு நிம்மதி.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் நாங்கள் இருக்கிற நிலம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு கீலம். எந்தப் பக்கத்துக் காற்று அடித்தாலும் உப்புத்தான். ஒரு கிழமை கவனிக்காமல் விட்டால் எந்தக் காரும் சாம்பல் பூசியது போல் ஆகிவிடும். அதனால் சனிக்கிழமைகளில் வெயில் ஏறுமுன் தொடங்கிவிடுவேன். சூடான தகட்டில் தண்ணீர் பட்டால் துளி துளியாகக் காய்ந்து வெள்ளைப் பொட்டு விழும். எங்கள் கிணறு சவர், வாயில் வைக்க ஏலாத உப்பு. அந்தத் தண்ணீரில் கழுவினால் காருக்கு அம்மை போட்டது போல் இருக்கும். அதற்காகவே கூரையில் விழுகிற மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தேன். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். மேலே தொடங்கிக் கீழே வர வேண்டும். கீழ்ப்பக்கத்தில் மணல் இருக்கும். அந்தத் துணியோடு மேலே போனால் கீறல்தான். புண்ணைக் கழுவும்போதும் சுத்தமான இடத்தில் இருந்து அழுக்கான இடத்துக்குத்தான் கை போக வேண்டும். எனக்கு அதை யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

கழுவிக் காய்ந்த பிறகு, மெல்லிய சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தகட்டைத் தடவுவேன். வெறும் கைக்குத் தெரியாத நறநறப்பு அப்போது தெரியும். அது பெயின்றுக்குள் இறுகிப்போன உப்பும் தூசியும். அதை எடுப்பதற்கென்று களிமண் போல ஒரு கட்டி விற்கிறார்கள். தகட்டை ஈரமாக்கி, அழுத்தாமல், நேர் கோட்டில் அதை இழுக்க வேண்டும். பிறகு கீறலைத் தேய்த்து எடுக்கிற கொம்பவுண்ட், பொலிஷ், கடைசியில் மெழுகு. மெழுகை மெல்லிசாகப் பூசி, அது வெள்ளையாகப் படரும்வரை பொறுத்து, வேறு துணியால் துடைத்து எடுத்தால் வேப்பமரம் இலை இலையாகக் கதவில் தெரியும். குளிர்காற்று வருகிற இடுக்குகளுக்கு, வார்டில் பாவித்துக் கழித்த இடுக்கியின் நுனியில் துணியைச் சுற்றி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் இதில் போகும். வீட்டில் நான் தனி ஆள். கேட்பதற்கு எவரும் இல்லை.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் நேராகவே சொல்கிறேன். எங்கள் அப்பா தோணிக்காரர். தாதிப் பயிற்சிக்குப் போன புதிதில், என்னோடு ஒரே அறையில் இருந்த பிள்ளை, என் பெட்டியில் மீன் மணக்கிறது என்று சொல்லித் தன் கட்டிலைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். அவள் அதை அடுத்த மாதமே மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை. முப்பது வருடம் கை கழுவினேன். பிறகு ஒரு கார் வாங்கி அதைக் கழுவினேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை என் அண்ணனுக்குச் சொன்னேன். இதுதான் கதை.

அண்ணன் அதன்பிறகு காரைத் தொடவே இல்லை. நாலடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சியில் பார்ப்பது போலப் பார்ப்பார். வருகிறவர்களிடம், "மிஸ்ஸிட காருக்குக் கிட்டப் போய் மூச்சு விடாதீங்க கா, மங்கிப் போயிரும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். கலியாண வீட்டுக்கோ கோயிலுக்கோ அவர் குடும்பத்தை ஏற்றப் போனால், எல்லோரும் குளித்து உடுப்பு மாற்றி, படலையில் கால் கழுவி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குளித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாதபடி நடந்துகொண்டேன்.

அன்றைக்கும் சனிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். மெழுகு பூசி முடித்து, அது படர்வதற்காகக் காத்திருந்தேன். மச்சாள் தொலைபேசி எடுத்தாள். அண்ணனுடைய மனைவி அவள், என் வயதுக்காரி; எங்களுக்குள் இருவருமே மச்சாள். "அண்ணனுக்கு நெஞ்சுக்க என்னமோ செய்யுதாம். காரக் கொண்டு வாங்க மச்சாள்" என்றாள். கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு, மற்றப் பக்கமெல்லாம் வெள்ளைப் பூச்சோடு ஓடினேன். அவர்களுடைய வீடு வாவிக்கரையில், காரில் மூன்று நிமிடம். படலையில் மச்சாள் நின்றாள். "இந்தா வாறார், கொஞ்சம் நில்லுங்க" என்றாள். ஹோர்ன் அடித்தேன். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ பிள்ளைகளைக் குளிக்க வார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கக் கண்ணாடியின் இடுக்கில் மெழுகு கட்டியாக நின்றது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். வெள்ளைச் சாரம், மடிப்புக் கலையாத சேட்டு, வாரிய தலை. தலையில் இருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு துவாயை மடித்துப் பின் சீற்றில் போட்டு, அதன் மேலே பையப் பைய இருந்தார். "இப்ப ஏறலாந்தானே மிஸ்ஸி" என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். இப்பதான் என்றார். நோவு கைக்கு ஓடுகிறதா என்று கேட்டேன். சும்மா ஒரு பிடிப்பு, வாய்வாக இருக்கும் என்றார். திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் இருந்து கன்னம் வழியாக, கழுத்து வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குளித்தவர், தலையைச் சரியாகத் துவட்டவில்லை என்று நினைத்தேன். முன்னால் கிடந்த துணியை எடுத்துப் பின்னால் நீட்டி, "துடையுங்க அண்ணன், சீற்றில வடியுது" என்றேன். அந்தச் சீற்றில் பொலித்தீன் இருந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

துடைத்தார். மறுபடி வழிந்தது. நான் பள்ளம் பார்த்து, குலுக்காமல், எப்போதும் போகிற வேகத்தில்தான் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாதி, எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயது இருக்கும், தள்ளுவண்டியோடு வந்து அவருடைய நெற்றியில் புறங்கையை வைத்தாள். வைத்தவள் என்னைப் பார்க்காமல் உள்ளே கத்தினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. குளிர் வியர்வை. நெஞ்சு நோவோடு வருகிறவருக்கு முதலில் பார்க்க வேண்டியது அது. முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தது. அரை மணித்தியாலம் அது என் கண்ணுக்கு முன்னால் வடிந்தது. நான் துணி கொடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் அண்ணன் செத்துப்போனார்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, மச்சாள் எனக்குச் சொன்னாள். நோவு தொடங்கியது விடியப்புறம், தோணியில். அதோடு வலை இழுத்து, தண்டு வலித்துக் கரைக்கு வந்திருக்கிறார். வந்து ஒருவரிடமும் சொல்லாமல் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறார். பொறுக்க ஏலாமல் போன பிறகுதான் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். "மீன் உடுப்போட காருக்க ஏறினா அவ ஏசுவா எண்டு சொன்னார் மச்சாள். மூணு வாளி ஊத்தினார். ரெண்டு வாளி அவரே அள்ளினார். மூணாவது அள்ள ஏலாமப் போச்சு, நான்தான் அள்ளிக் குடுத்தன்." குரலில் குற்றம் சொல்லுகிற தொனி ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. புருசனைப் பறிகொடுத்து எட்டு நாளான மனிசியைப் பார்த்து, குளிக்காதீங்க என்று சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா என்று கத்தினேன். "உங்களுக்கு முன்னால ஆருக்கு மச்சாள் வாய் இருந்த?" என்றாள்.

வைத்தியரிடம் பிறகு கேட்டேன். விடியப்புறம் தொடங்கிய நோவு. தோணி, வலை, தண்டு எல்லாம் சேர்ந்ததில் மூன்று வாளித் தண்ணீருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்ல முடியாது என்றார். உண்மையைத்தான் சொன்னார். நான்தான் கொன்றேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் எனக்காக இரக்கப்படுவார்கள். எனக்கு அது வேண்டாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சாகப் போகிற நேரத்தில் ஒரு மனிதர் தன் சொந்தத் தங்கச்சியின் காரில் ஏறுவதற்குத் தகுதியாக வேண்டும் என்று கிணற்றடியில் நின்றார். நான் வாசலில் மெழுகு சுரண்டினேன். அவர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. பொல்லாத தங்கச்சி என்று தெரிந்தால் ஏறி உட்கார்ந்து சீற்றை நாறடித்திருக்க வேண்டும். நான் ஏசியிருப்பேன். ஏசினால் என்ன?

பொலித்தீனைக் கிழித்து எறிந்தேன். உள்ளே ஈரம் நின்று, நான் புதிதாக வைத்திருப்பதாக நினைத்த சீற் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தது. மூன்று மாதம் காரைக் கழுவவில்லை. கதவின் விளிம்பில் துரு தொடங்கியதைக் கண்டதும் பொறுக்க முடியாமல் மறுபடி வாளியைத் தூக்கினேன். இன்றைக்கும் சனிக்கிழமைகளில் கழுவுகிறேன், மெழுகு பூசுகிறேன். கதவில் வேப்பமரம் தெரிந்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோசம்தான். இதில் பொய் சொல்லி என்ன செய்ய?

மச்சாளுக்கு இப்போது பிரசர். மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். அவளுடைய மகன் வாவிக்குப் போகிறான். விடியக்காலையில் அவன் கொண்டு வருகிற வலையில் இருந்து நண்டு கழற்றுவது அவள் வேலை. முதல் மாதம் ஆறரைக்குப் போனேன். குளித்து, சேலை மாற்றி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த முறை முதல் நாளே தொலைபேசியில் சொன்னேன், நண்டு கழற்றுகிற கையோடு அப்படியே வாங்க, எனக்கு ஒன்றும் இல்லை என்று. ஓம் ஓம் என்றாள். ஆறு மணிக்குப் போனேன். குளித்திருந்தாள். அதற்கடுத்த மாதம் ஐந்தரைக்குப் போனேன். அப்போதும் குளித்திருந்தாள். எப்படியாவது அவளை வலையும் கையுமாகப் பிடித்து, செதிலும் சேறுமாக அந்தச் சீற்றில் இருத்திவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

இந்த மாதம் ஐந்து மணிக்கே போனேன். கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. வாவிப் பக்கம் தோணி ஒன்றும் கரைக்கு வரவில்லை. இன்றைக்குக் குளிக்குமுன் பிடித்துவிடலாம் என்று ஒழுங்கையில் திருப்பினேன். விளக்கு வெளிச்சத்தில், தலையில் துவாயோடு, படலையில் நின்றாள்.

"இண்டைக்கும் பிந்திற்றீங்க மச்சாள்" என்றாள். சிரித்துக்கொண்டே ஏறி, எனக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்தாள். துவாயை அவிழ்த்து மடியில் வைத்தாள். நெற்றி மயிரில் இருந்து ஒரு துளி இறங்கிக் கன்னத்தால் ஓடியது. நான் காரை எடுக்கவில்லை. கையை நீட்டி, புறங்கையால் அவளுடைய நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. விடியக்காலையில் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான் குளிரும்.

"நெஞ்சுக்க ஒண்டும் இல்லத்தானே?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்ல. எடுங்க காரை" என்றாள்.

இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.